அடியில் எதுவும் இல்லாத படகு

1787 டிசம்பர் 3. அமெரிக்காவின் பொடோமாக் ஆற்றங்கரையில், ஷெப்பர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் கூட்டம் திரண்டு நின்றது. குளிரைப் பொருட்படுத்தாமல் எல்லோரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மிதந்த படகில் துடுப்பும் இல்லை, பாயும் இல்லை. நடுவில் ஒரு நீராவி இயந்திரம் மட்டும் புகைந்துகொண்டிருந்தது. கட்டியவர் ஜேம்ஸ் ரம்சி. சத்திரம் நடத்தியவர், வீடு கட்டித் தந்தவர், மற்ற நேரமெல்லாம் இயந்திரக் கனவிலேயே கிடந்தவர். இயந்திரம் ஆற்று நீரை உறிஞ்சியது. பின்பக்கக் குழாய் வழியே பீச்சியடித்தது. படகு அசைந்தது. அசைந்ததோடு நிற்காமல் நீரோட்டத்தை எதிர்த்தே போனது. கரையில் ஆரவாரம் எழுந்தது. அந்த ஆரவாரத்தை நம்பி ரம்சி கடல் கடந்து லண்டனுக்குப் போனார். அங்கே அவருக்குக் காத்திருந்தது வேறு.

லண்டனில் பணம் திரட்டவே ஆண்டுகள் ஓடின. கடன்காரர்கள் துரத்தினார்கள். ஒருவழியாகப் புதிய படகு முடிவடையும் கட்டத்துக்கு வந்தது. 1792 டிசம்பரில் ரம்சி திடீரென்று நோயில் விழுந்து இறந்துபோனார். சில வாரங்கள் கழித்து, 1793 தொடக்கத்தில், அதே படகு தேம்ஸ் நதியில் ஓடிக் காட்டியது. பார்க்க அவர் இல்லை. எடுத்து நடத்தவும் ஆள் இல்லை.

நீரைப் பீச்சியடித்துப் படகை ஓட்டும் யோசனை அவருக்கும் முந்தியது. 1661லேயே இங்கிலாந்தில் டூகுட், ஹேஸ் என்ற இருவர் இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். ரம்சிக்குப் பிறகும் அது சாகவில்லை. 1866ல் பிரிட்டிஷ் கடற்படையே ‘வாட்டர்விட்ச்’ என்ற கவசக் கப்பலை இந்த முறையில் கட்டிப் பார்த்தது. ப்ரொப்பெல்லர் பொருத்திய கப்பல்களோடு அதை ஓடவிட்டு ஒப்பிட்டார்கள். வாட்டர்விட்ச் ஓடத்தான் செய்தது. ஆனால் நீரை உள்ளே இழுத்து, குழாய்களில் வளைத்து, வெளியே தள்ளுவதிலேயே இயந்திரத்தின் சக்தியில் பெரும்பங்கு வீணாயிற்று. ப்ரொப்பெல்லர் எளிமையானது, மலிவானது, சிக்கனமானது. கடற்படை தன் முடிவை எடுத்தது. யோசனை அலமாரிக்குள் போனது. பிற்காலத்தில் அதற்குப் புது உயிர் கொடுத்தவர் கடலோடு சம்பந்தமே இல்லாத ஒரு ஆட்டுப் பண்ணைக்காரர்.

நியூசிலாந்தின் தென் தீவில், பனிமலைகளின் அடிவாரத்தில் மெக்கன்சி கன்ட்ரி என்ற வறண்ட மேட்டுநிலம் இருக்கிறது. 1921ல் அங்கே ஐரிஷ்மேன் க்ரீக் என்ற ஆட்டுப் பண்ணையை வாங்கினார் வில்லியம் ஹாமில்டன். 1899ல் பிறந்தவர், பண்ணையை வாங்கும்போது வயது இருபத்திரண்டு. ஊர் அவரை பில் என்றே அழைத்தது. ஆடுகளைவிட இயந்திரங்கள்மீதுதான் அவருக்குக் காதல். பென்ட்லி காரில் பந்தயம் ஓட்டினார்; இங்கிலாந்தின் ப்ரூக்லாண்ட்ஸ் ஓடுதளம் வரை போய் ஜெயித்துவிட்டு வந்தார்.

பண்ணைக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. அரசாங்கம் கம்பி இழுத்து வரும்வரை காத்திருக்கும் சுபாவம் அவருக்கு இல்லை. ஓடையை மறித்து அணை கட்டி, தானே மின்சாரம் எடுக்கத் தீர்மானித்தார். அணைக்கு மண் அள்ள வேண்டுமே? தோதான கருவி கிடைக்கவில்லை. மண் அள்ளும் இயந்திரம் ஒன்றைத் தானே வடிவமைத்தார். அதைச் செய்யப் பட்டறை வேண்டியிருந்தது; பட்டறையையும் போட்டார். பிறகு அந்த இயந்திரத்தை மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஆட்டுப் பண்ணை மெல்லத் தொழிற்சாலையாக மாறியது. இரண்டாம் உலகப்போர் முடிந்த பின் தொழில் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு இடம்பெயர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மனம் நிறைந்திருக்கும். ஹாமில்டனுக்கு மட்டும் சிறு வயதிலிருந்தே தீராத ஏக்கம் ஒன்று இருந்தது: தன் ஊர் ஆறுகளில் எதிர்நீச்சல் போட்டு மேலே போக வேண்டும்.

அந்த ஆறுகளின் சங்கதியே வேறு. பனிப்பாறைகள் உருகி வரும் நீர், பரந்த கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் பின்னிப் பின்னி ஓடும். ஒரு கிளையில் வேகம் அதிகம், ஆழம் கணுக்கால் அளவு. நேற்று இருந்த வழி இன்று இருக்காது. ப்ரொப்பெல்லர் வைத்த படகு அங்கே இறங்கினால் அரை மணி நேரம் தாங்காது. அடியில் தொங்கும் இறக்கைகள் கல்லில் மோதி வளைந்துவிடும், தண்டு முறியும், சுக்கான் பிய்ந்துபோகும். படகுக்கு அடியில் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆறு அதைக் கழற்றிவிடும். அப்படியானால் அடியில் எதுவுமே இல்லாமல் ஒரு படகைக் கட்டினால்?

1950களின் தொடக்கத்தில் ஹாமில்டன் வேலையில் இறங்கினார். அமெரிக்காவில் ‘ஹேன்லி ஹைட்ரோஜெட்’ என்ற கருவி இருப்பது தெரியவந்தது. பம்ப் ஒன்று நீரை இழுத்து, படகின் அடியில் உள்ள திருப்பக்கூடிய குழல் வழியே பீச்சும். அதே பாணியில் ஒன்றைச் செய்து சிறிய ஒட்டுப்பலகைப் படகில் பொருத்தினார். படகு போனது, ஆனால் தவழ்ந்துதான் போனது. மலையிலிருந்து சீறி வரும் ஆற்றை எதிர்க்க அந்த வேகம் எந்த மூலைக்கு? மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். பலன் இல்லை. போதாததற்கு, பீச்சுக்குழல் நீருக்குள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டார்களோ, அதுவே அடியில் தொங்கியது.

அப்போது பட்டறையில் வேலை செய்த ஒருவர் ஒரு யோசனை சொன்னார். குழலை அடியிலிருந்து எடுத்துவிட்டு, படகின் பின்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்துப் பார்க்கலாமே? கேட்டவுடன் அபத்தமாகத்தான் தோன்றும். நீரைத் தள்ளித்தானே படகு முன்னே போக வேண்டும்? காற்றில் பீச்சியடித்தால் எதைத் தள்ளுவது?

இயற்பியல் அந்த யோசனையின் பக்கம் நின்றது. படகை நகர்த்துவது பின்னால் இருக்கும் நீரின் எதிர்ப்பு அல்ல. நீரை வேகமாக வெளியே தள்ளும்போது எழும் எதிர்விசை. தீயணைப்பு வீரரின் கையில் உள்ள குழாய் அவரைப் பின்னுக்குத் தள்ளுகிறதே, அங்கே நீர் பாய்வது வெறும் காற்றில்தான். குழல் மேலே போனதும் அடியில் இழுத்துப் பிடித்த தடை மறைந்தது. படகு நீரின்மேல் எழும்பி வழுக்கி ஓட ஆரம்பித்தது. வேகம் கூடியது. 1954ல் அந்தச் சின்னப் படகு நீரோட்டத்தை எதிர்த்து ஏறியது.

இன்று அந்த வகைப் படகின் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தால் கையில் படுவது வழவழப்பான பரப்பு மட்டும்தான். பின்பக்கம் போகும்போது ஒரு கம்பித் தடுப்பு தட்டுப்படும். நீர் உள்ளே போகும் வாய் அது. பெரிய கற்களைத் தடுக்கவே அந்தக் கம்பிகள். சுக்கான் கிடையாது. பீச்சும் நீரை இடமாகவோ வலமாகவோ திருப்பினால் படகு திரும்பும். நிறுத்தவோ பின்னால் எடுக்கவோ வேண்டுமானால், பாயும் நீரின்மேல் ஒரு மூடி இறங்கி அதை முன்பக்கமாகத் திருப்பிவிடும். முழு வேகத்தில் ஓடும்போது சில அங்குல நீர் இருந்தாலே போதும்.

பம்ப் மட்டும் பாக்கியிருந்தது. முதலில் வைத்தது நீரைச் சுழற்றிப் பக்கவாட்டில் வீசும் வகை. 1950களின் பிற்பகுதியில் அதைத் தூக்கிவிட்டு, நீரை நேர்கோட்டில் பின்னோக்கித் தள்ளும் அச்சுவழிப் பம்புகளை, பல அடுக்குகளாக அமைத்துப் புகுத்தினார்கள். வாட்டர்விட்சைத் தோற்கடித்த வளைவுகளும் வீணடிப்பும் பெருமளவு குறைந்தன. ஆனாலும் வெளிநாடுகளில் இதை ஒரு விளையாட்டுப் பொருளாகவே பார்த்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களிடம் ஹாமில்டன் ஒரு திட்டத்தைச் சொன்னபோது சிரித்தே விட்டார்கள். கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியே, நீரோட்டத்தை எதிர்த்து மேலே போகப் போவதாகச் சொன்னார் அவர்.

அதுவரை அந்தப் பள்ளத்தாக்கை முழுவதுமாகக் கடந்த படகுகள் கீழ்நோக்கித்தான் வந்திருந்தன. அதிலேயே உயிரைவிட்டவர்கள் உண்டு. 1960 கோடையில் ஹாமில்டனின் ஜெட் படகுகள் இறங்கின. போகிற வழியில் எரிபொருளைப் பதுக்கி வைத்துக்கொண்டே முதலில் கீழே வந்தார்கள். பிறகு திரும்பி மேலே ஏற ஆரம்பித்தார்கள். வழியில் நின்றது லாவா ஃபால்ஸ் என்ற மூர்க்கமான நீர்ப்பாய்ச்சல். வளைவெடுத்து விழும் அலைகளுக்கு நடுவே, சுழல்களுக்கும் பாறைகளுக்கும் இடையில் வழி பார்த்துப் படகை மேலே ஏற்றியவர் ஹாமில்டனின் மகன் ஜான். ஒரு படகு ஏறியது. அடுத்ததும் ஏறியது. கிராண்ட் கேன்யனை எதிர்த்திசையில் கடந்த முதல் படகுகள் அவைதான். சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

17 ஆண்டுகள் கழித்து இதே வகைப் படகுகள் கங்கைக்கு வந்தன. எவரெஸ்ட் நாயகர் எட்மண்ட் ஹிலாரி, 1977ல் கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து இமயம் வரை நதிவழியே ஏறப் புறப்பட்டார். மூன்று ஜெட் படகுகள். காசியின் படித்துறைகளைக் கடந்து, ரிஷிகேசத்துக்கு மேல் வெள்ளம் சீறும் இடுக்குகளைக் கடந்து, நந்தப்பிரயாகை வரை போனார்கள். அங்கே குறுக்கே நின்ற நீர்வீழ்ச்சி மட்டும்தான் படகுகளை நிறுத்தியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஹாமில்டன் காலமானார். நீர்ப்பீச்சு உந்துதலைத் தான் கண்டுபிடித்ததாக அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அந்தப் பெருமை ஆர்க்கிமிடீசுக்குத்தான் போக வேண்டும் என்றார். ஆனால் அவர் விட்டுப்போன படகு, அவர் நினைத்தே பார்க்காத ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கலிபோர்னியாவின் ஏரிகளிலும் ஃப்ளோரிடாவின் கழிமுகங்களிலும் ஞாயிற்றுக்கிழமை பொழுதைக் கழிக்க வந்த குடும்பங்கள் ஜெட் படகைக் கண்டுகொண்டன. 1973ல் கவாசாகி ‘ஜெட் ஸ்கீ’யைக் கொண்டுவந்தது. 1990களில் அதே வகைப் பம்புகளோடு குடும்பப் படகுகளும் வந்தன. பின்னால் நீந்தும் குழந்தைகளுக்கு அருகில் சுழலும் இறக்கைகள் இல்லை என்பதே இவற்றின் பெரிய வசதி. நியூசிலாந்துக்காரர்கள் கல்லுக்குப் பயந்து ப்ரொப்பெல்லரை எடுத்தார்கள். இவர்கள் குழந்தைகளுக்காக அது இல்லாத படகை வாங்கினார்கள். பழைய குறை ஒன்று அப்போதுதான் தலைகாட்டியது.

வெளியே தொங்கும் மோட்டாரை ஒரு பொத்தானால் சாய்க்கலாம். சாய்ந்த மோட்டார் உந்துதலின் கோணத்தை மாற்றும். படகின் மூக்கு தாழும் அல்லது உயரும். பெரும்பாலான ஜெட் படகுகளில் அந்த வசதி கிடையாது. பீச்சுக்குழல் இடவலமாகத் திரும்பும், மேலும் கீழும் அசையாது. அதோடு இன்ஜினும் பம்பும் பின்பக்கத்தில். பின் இருக்கைகளில் நாலைந்து பேர். தண்ணீர்ச் சறுக்கலுக்கான சாமான்கள். புறப்படும்போது மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொள்ளும். ஓட்டுபவருக்கு எதிரில் நீந்துபவர் தெரியமாட்டார். சில வேகங்களில் மூக்கு ஏறியும் இறங்கியும் குதித்துக்கொண்டே போகும். ஆற்றில் தனியாளாக முழு வேகத்தில் பறந்தவர்களுக்கு இது பெரிய தொந்தரவாக இருந்ததில்லை. ஏரியில் மெதுவாகப் போகும் குடும்பத்துக்கு இது ஆபத்து.

இதற்கு விடை வேறு வேகப் படகுகளில் ஏற்கெனவே இருந்தது: ட்ரிம் டேப். படகின் பின்சுவரின் கீழ் விளிம்பில், இடமும் வலமும் கீல் வைத்துப் பொருத்திய இரண்டு தகடுகள். தகடு கீழே சாய்ந்தால், ஓடும் நீர் அதில் மோதிப் பின்பக்கத்தைத் தூக்கும்; மூக்கு தானாகத் தாழும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓட்டுபவர் பொத்தானை அழுத்த வேண்டும். வேகம் கூடியபின் தகட்டை ஏற்ற மறந்தால் படகு மூக்கால் நீரை உழுது, திடீரென்று பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். குழந்தைகள் இடம் மாறி உட்காருவார்கள், வேகம் ஏறி இறங்கும். ஒருவர் எத்தனை முறைதான் பொத்தானைத் தேடுவார்?

பொத்தானைத் தேடும் கையை விடுவித்தது ஒரு வாயு ஸ்பிரிங். காரின் பின்கதவைத் தூக்கி நிறுத்தும் உருளைத் தண்டு போன்ற அதே வகைப் பொருள்தான். தகட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவே அதை வைத்தார்கள். படகு மெதுவாகப் போகும்போது ஸ்பிரிங் தகட்டைக் கீழே அழுத்திப் பிடிக்கும். பின்பக்கம் எழும், மூக்கு தாழும். வேகம் இருமடங்கானால் நீரின் அழுத்தம் நான்கு மடங்காகும். அந்த அழுத்தமே ஸ்பிரிங்கை மடக்கித் தகட்டை மேலே தள்ளிவிடும். மின்கம்பி இல்லை, பொத்தான் இல்லை. படகின் எடைக்குத் தக்க ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதும், பீச்சுக்குழலையும் பின்னோக்கி எடுக்கும் மூடியையும் தகடு மறைக்காமல் பார்த்துக்கொள்வதும் மட்டும் பொருத்துபவரின் வேலை. பிறகு சாய்வை உணரும் மின்னணுக் கருவிகள் வந்தன; இடப்பக்கம் ஆள் அதிகமானால் அந்தப் பக்கத் தகடு மட்டும் இறங்கும்.

இன்று வாடகைக்குப் படகு எடுத்து ஏரியைச் சுற்றும் ஒருவர் அந்தத் தகடுகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியம் வராமல் செய்ததுதான் அவற்றின் வெற்றி. ரம்சி ஓட்டிக் காட்டியதைக் கடற்படை கைவிட்டது. கல் நிறைந்த ஆறு அதை மீட்டெடுத்தது. ஏரிக்கு வந்த குடும்பங்கள் அதில் மிச்சமிருந்த குறையைக் காட்டிக்கொடுத்தன. பயன்படுத்துபவர் மாறும்போதெல்லாம் இயந்திரத்தின் அடுத்த பாகம் என்னவென்பது தெரியவருகிறது. ஜெட் படகின் வரலாற்றில் அந்த இரண்டு தகடுகளும் கடைசிப் பாகமாக இருக்கப் போவதில்லை.