ஈற்றிலிருந்து கால்விரல் வரை

சென்னை காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் ஓய்ந்ததும், சுமை தூக்குகிறவர் டீக்கடை ஓரமாகக் குந்திப் பீடி பற்றவைக்கிறார். அவருடைய ஈற்றிடுக்கில் ஒரு சுருள் வடிவக் கிருமி குடியிருக்கிறது. பெயர் ட்ரெபோனிமா டென்டிகோலா. இது அதன் பயணக் கதை.

காற்று பட்டால் அதற்கு ஆகாது. பற்காரை படிந்து, பல்லைவிட்டு ஈறு விலகிய பள்ளம்தான் வீடு. ஈறு கெட்டால் பல் துலக்கும்போது ரத்தம் கசியும். அதுதான் முதல் எச்சரிக்கை. பீடியின் நிகோடின் ஈற்றின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் அந்தக் கசிவு குறைந்துவிடுகிறது. அவரும் ‘பல்லு நல்லாத்தான் கீது’ என்பார்.

மென்றாலும் துலக்கினாலும் புண்பட்ட ஈறு வழியே கிருமிகள் ரத்தத்தில் இறங்கும். பெரும்பாலானவற்றை உடலின் காவல் அணுக்கள் சீக்கிரமே தீர்த்துக்கட்டும். தப்பியவை இதயம், நுரையீரல், மறுபடி இதயம், பெருந்தமனி, தொடை, கெண்டைக்கால் என்று பாயும்.

அங்கே அதன் தடத்தைக் கண்டவர்கள் ஜப்பானியர்கள். பர்ஜர் என்ற நோயில் அடைபட்ட 14 தமனித் துண்டுகளை ஆராய்ந்ததில் 13-இல் வாய்க் கிருமிகளின் டிஎன்ஏ இருந்ததாக 2005-இல் எழுதினார்கள். அவற்றில் அதிகம் தென்பட்டது இந்தச் சுருள் கிருமிதான். 1908-இல் நியூயார்க்கில் லியோ பர்ஜர் விவரித்த இந்நோய் பெரும்பாலும் புகைபிடிக்கும் இளவயது ஆண்களுக்கே வரும். நடந்தால் பாதமும் கெண்டைக்காலும் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விடும். பிறகு விரல் நுனியில் ஆறாத புண். பிறகு விரலே கறுக்கும். காசிமேட்டுக்காரர் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பது பல நேரம் அப்போதுதான்.

அடைப்புக்குள் சுருள் கிருமி இருந்ததாலேயே அடைத்தது அதுதான் என்று சொல்லிவிட முடியாது. இதயத் தமனிக் கொழுப்படைப்பில் கிளமிடியா நிமோனியே என்ற கிருமி சிக்கியபோதும், கிருமியைக் கொன்றால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்று பெரிய நம்பிக்கை பிறந்தது. 4,012 இதய நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஓராண்டு வாரந்தோறும் அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு குறையவில்லை என்ற முடிவு வந்ததும் அதே 2005-இல்தான்.

கிருமி மீதுள்ள வழக்கு இழுபறியில் இருக்கிறது. பீடி மீதுள்ள வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. பர்ஜர் நோயில் பீடியைக் குறைத்தால் போதாது, அடியோடு விட வேண்டும். விட்டவர்களுக்குக் காலை எடுக்கும் நிலை அரிது. ஈற்றைக் காட்ட, சென்னைக் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நடக்கும்போது கால் இழுக்கிறவர்கள் டாக்டரிடம் காலைக் காட்டும் கையோடு வாயையும் திறந்து காட்டுங்கள்.