வழக்கமும் வழக்கும்: இல்லற வன்முறைக் குற்ற வழக்குகள் இந்திய நீதிமன்றங்களில் நடந்துவந்த வழி

தமிழில் ‘வழக்கு’ என்னும் சொல் இருபொருள் உடையது. மக்களிடையே பயின்றுவரும் நடைமுறையை அது குறிக்கும். தொல்காப்பியம் செய்யுளோடு இணைத்துப் பேசும் வழக்கு இதுவே. நீதி வேண்டி மன்றத்தின்முன் வைக்கும் முறையீட்டையும் அச்சொல் குறிக்கும். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை இப்பொருளில் பெயர் பெற்றது. கணவன் மனைவியை அடிப்பது நெடுங்காலமாக முதற்பொருளில் மட்டுமே வழக்காக இருந்தது. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்னும் பழமொழி அவ்வழக்கத்திற்கு இன்றும் சான்று பகர்கிறது. இரண்டாம் பொருளில் அது வழக்கானது மிக அண்மைக் காலத்தில்தான்.

வழக்குரை காதையில் கண்ணகி வாதாடுவது கணவனுக்காகவே அன்றிக் கணவனுக்கு எதிராக அன்று. மேலும், அவளிடம் காட்டுதற்குச் சிலம்பு இருந்தது. உடைத்ததும் உள்ளிருந்து மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. வீட்டினுள் அடிபடும் பெண்ணிடம் அத்தகைய சிலம்பு இல்லை. காயம் ஆறிவிடுகிறது, கண்டவர் கணவன் வீட்டார். எஞ்சுவது அவளுடைய சொல் மட்டுமே. அச்சொல்லுக்குக் குற்றவியல் நீதிமன்றங்கள் அளித்த எடை காலந்தோறும் மாறிவந்துள்ளது. உயிரோடிருக்கும் பெண்ணின் சொல்லைவிட இறந்துபட்ட பெண்ணின் சொல்லே அங்கு முதலில் செல்வாக்குப் பெற்றது என்பது இவ்வரலாற்றின் உறுத்தலான செய்தியாகும்.

1983க்கு முன்

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் மனைவியை அடித்தல் தனிக்குற்றமாக இடம்பெறவில்லை. யார் யாரை அடித்தாலும் பொருந்தும் காயப் பிரிவுகளே அவளுக்கும் உரியன. அவற்றுள் 323ஆம் பிரிவு, அதாவது வேண்டுமென்றே சிறுகாயம் விளைவித்தல், நடுவரின் ஆணையின்றிக் காவல் துறை புலனாய்வு செய்ய இயலாத குற்றம். ஆகவே நிலையத்திற்கு வந்த பெண்ணின் முறையீடு பதிவேட்டில் ஒரு வரியாக நின்றுவிடுவதே பெரும்பான்மை.

கணவன் குற்றவாளிக் கூண்டில் நின்ற பழைய வழக்குகளுள் பரவலாக அறியப்பட்டது, 1890இல் கல்கத்தாவில் நடந்த புல்மணி வழக்கு. பத்து, பதினோர் அகவையே நிரம்பிய அச்சிறுமி கணவனின் உடலுறவால் இறந்தாள். அவளுக்குப் பத்து வயது கடந்திருந்தமையால் அன்றைய சட்டப்படி வன்புணர்ச்சிக் குற்றம் சாட்ட வழியில்லை. கவனக்குறைவான செயலால் கொடுங்காயம் விளைவித்தமைக்கு ஓராண்டுக் கடுங்காவல் மட்டுமே கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1891இல், இசைவு வயதுச் சட்டம் அவ்வெல்லையைப் பன்னிரண்டாக உயர்த்தியது. ஒரு சாவு நேர்ந்த பின்னரே சட்டம் அசையும் என்னும் ஒழுங்கு இங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

இறந்தவளின் சொல்

1970களின் இறுதியில் தில்லியில் இளமனைவியர் தீயில் கருகி இறந்த நிகழ்ச்சிகள் மகளிர் இயக்கத்தைத் தெருவுக்குக் கொணர்ந்தன. ‘அடுப்பு வெடித்தது’ என்று பதிந்து மூடப்பட்ட கோப்புகள் பல. 1979இல் மகளை இழந்த சத்யராணி சட்டா அவ்வாறு வந்த தாயருள் ஒருவர். பின்னர் ஷாஜகான் ஆபாவுடன் சேர்ந்து ‘சக்தி சாலினி’ என்னும் புகலிட அமைப்பை நிறுவினார். அவர் மகளின் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு தில்லி உயர் நீதிமன்றத்தில் 2013இல் வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள். ஒரு தாயின் நடுவயதும் முதுமையும் அதில் அடங்கிவிட்டன.

இறந்தவரின் சொல்லைச் சான்றாக ஏற்பதற்குச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு 1872 முதல் இடமளித்து வந்தது. மரண வாக்குமூலம் நம்பத்தக்கதாயின் அதனை மட்டுமே கொண்டு தண்டிக்கலாம் என்று குஷால் ராவ் வழக்கில் (1957) உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இவ்விதி இல்லற வழக்குகளில் பெற்ற பொருளைத் தில்லி நிர்வாகம் எதிர் இலட்சுமண் குமார் வழக்கு நன்கு காட்டும். 1980 திசம்பரில் நிறைசூலியான ஒரு பெண் தீக்காயத்தால் இறந்தார். ஓடிவந்த அண்டை வீட்டார் அவர் வாய்மொழியைத் தம் காதால் கேட்டதாகச் சான்று கூறினர். அதனை ஏற்ற அமர்வு நீதிமன்றம் 1983இல் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் கணவருக்கும் மாமியாருக்கும் ஆயுள் தண்டனை வழங்கியது. சொல் ஒன்றே, மூன்று மன்றங்களில் அதன் எடை மூன்றாயிற்று.

சரத் பிர்திசந்த் சார்தா வழக்கு (1984) இலக்கிய மாணவர்க்கும் உரியது. அதில் இறந்த பெண் தம் உடன்பிறந்தாளுக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்கள் சான்றுகளாயின. சாவை எதிர்பாராத நாளில் எழுதியவையும், சாவுக்கு இட்டுச்சென்ற சூழலைப் புலப்படுத்துமாயின், ஏற்கத்தக்கன என்று உச்ச நீதிமன்றம் கொண்டது. ஆயினும் கொலையா தற்கொலையா என்னும் ஐயம் தீரவில்லை எனக் கூறித் தூக்குத் தண்டனை பெற்றிருந்த கணவரை விடுவித்தது. அவள் துயருற்றாள் என்பதைக் கடிதம் மெய்ப்பித்தது. எவ்வாறு இறந்தாள் என்பதை மெய்ப்பிக்கவில்லை. சுற்றுச்சூழல் சான்றுகளை எடைபோட இன்றும் எடுத்தாளப்படும் ஐந்து நெறிகள் இத்தீர்ப்பினின்று பிறந்தவையே.

இப்பின்னணியில்தான் 1983 திசம்பரில் 498-அ பிரிவு வந்தது. கணவனோ அவன் உறவினரோ இழைக்கும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கும் இப்பிரிவு, வீட்டுக்குள் நிகழும் மனக்கொடுமையையும் குற்றமாக்கியது. 1986இல் வரதட்சணைச் சாவுக்கென 304-ஆ பிரிவும் சாட்சியச் சட்டத்தில் 113-ஆ பிரிவும் சேர்ந்தன. மணமான ஏழாண்டுக்குள் பெண் இயல்புக்கு மாறாக இறந்து, அதற்குச் சற்றுமுன் வரதட்சணைக்காகத் துன்புறுத்தப்பட்டதும் மெய்ப்பிக்கப்பட்டால், நீதிமன்றம் குற்றத்தை அனுமானித்தே ஆகவேண்டும். உயிரோடு வந்து முறையிடும் 498-அ வழக்கில் அத்தகைய அனுமானம் எதுவும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு போதிய அளவு பேசப்படவில்லை.

நிலையத்திலிருந்து மன்றம் வரை

மகளிர் காவல் நிலையம் 1973இல் கோழிக்கோட்டிலும், அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னையிலும் தோன்றின. அங்கு வரும் பெண் பெரும்பாலும் முதலில் காண்பது ஆலோசனை அறையையே. பேச்சு முறிந்த பின்னரே முதல் தகவல் அறிக்கை. லலிதா குமாரி வழக்கில் (2013) பதிவைக் கட்டாயமாக்கிய உச்ச நீதிமன்றமே, மண உறவுப் பூசல்களில் முன்விசாரணை செய்யலாம் என்று விலக்கும் அளித்தது.

அதன்பின் அவள் கதை தாளாகிறது. காவலர் எழுதும் வாக்குமூலத்தில் அவள் கையொப்பம் இடுவதில்லை, இடவும் கூடாது. பல்லாண்டுத் துன்பம் அங்கே நாள், இடம், செயல் என்னும் சட்டகத்துள் அடங்க வேண்டும். தினந்தோறும் நிகழ்ந்ததற்குத் தேதி சொல்லுதல் எளிதன்று. கூச்சத்தால் நிலையத்தில் சொல்லாது விட்டதை மன்றத்தில் சொன்னால், அவ்விடுபாடே முரண்பாடாகக் கொள்ளப்படக்கூடும்.

கூண்டில் அவள் பேச்சு மற்றொரு மாற்றம் பெறுகிறது. நடுவர் நீதிமன்றச் சாட்சியம் இயன்றவரை எடுத்துரைப்பு வடிவில் எழுதப்படும். கேட்ட வினா மறைந்து விடை மட்டும் தன்மை ஒருமையில் தொடர்ந்து நிற்கும். தமிழகக் கீழமை நீதிமன்றங்களின் குறுக்கு விசாரணைப் படிகளில் ‘என்றால் சரியல்ல’ என்னும் தொடர் வரிக்கு வரி வருவதைக் காணலாம். ‘கணவரைப் பழிவாங்கவே பொய் வழக்குக் கொடுத்துள்ளேன் என்றால் சரியல்ல.’ வழக்கறிஞரின் குற்றச்சாட்டு அவள் வாய்மொழியாகவே பதிவாகிறது. மறுப்பு இறுதி இரு சொற்களில் ஒதுங்கி நிற்கிறது.

ஆர்னேஷ் குமார் வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய 2012ஆம் ஆண்டின் எண்கள் இப்பயணத்தின் முடிவைக் காட்டுவன. 498-அ பிரிவில் கைதானோர் 1,97,762 பேர். குற்றப்பத்திரிகை தாக்கலான வீதம் 93.6 விழுக்காடு, தண்டனை வீதம் 15 விழுக்காடு, நிலுவை 3,72,706 வழக்குகள். இவ்வெண்களைக் கொண்டு தீர்ப்பு, ஏழாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றங்களில் காரணம் பதியாமல் கைது செய்யலாகாது என்றது. கைதுக்குக் கடிவாளம் வேண்டியதே. கைதானவருள் ஏறத்தாழ நாலில் ஒருவர் பெண்கள். ஆனால் விடுதலையை எல்லாம் பொய் வழக்கின் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. பிறழ்சாட்சியும், இடையில் நேர்ந்த உடன்பாடும், தேதி சொல்ல இயலாமையும் அதே விடுதலைக் கணக்கில்தான் சேர்கின்றன.

இணக்கம் என்னும் புறவழி

498-அ சட்டப்படி சமரசத்துக்கு உரிய குற்றம் அன்று. நடைமுறையோ வேறு. பி. எஸ். ஜோஷி வழக்கில் (2003), இருதரப்பும் இணங்கினால் உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் வழக்கை நீக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அன்று முதல் மணமுறிவு, சீதனப் பொருள், ஒட்டுமொத்த வாழ்வுத்தொகை ஆகியன பேசி முடிவானதும் குற்ற வழக்கு மேலிடத்தில் மறைவது வழக்கமாயிற்று. இவ்வழியைக் குறைகூறுவோர் ஒன்றை எண்ண வேண்டும். வாழ்வுத்தொகை வழக்கு இழுபறியாக நிற்க, கையில் பொருளற்ற பெண்ணுக்குக் குற்ற வழக்கே பேரம் பேசும் வலிமையாக இருந்தது. அதனைத் தவறான பயன்பாடு என்பதற்கு முன், வேறு வலிமை எது தரப்பட்டது என்று கேட்டல் தகும்.

அவ்வேறு வலிமையைத் தர முயன்றது, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. மன்றம் குற்றவியல் நடுவருடையது. பரிகாரம் உரிமையியல் சார்ந்தது: பாதுகாப்பு, குடியிருப்பு, பொருளுதவி, குழந்தைப் பொறுப்பு. அறுபது நாளில் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். அது நிறைவேறும் இடங்கள் அரிய. ஆயினும் 32ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு உற்றுநோக்கத் தக்கது. பாதுகாப்பு ஆணை மீறப்பட்டதா என்பதைப் பாதிக்கப்பட்ட பெண்ணின் தனிச் சாட்சியம் ஒன்றைக் கொண்டே நீதிமன்றம் முடிவு செய்யலாம். இறந்த பெண்ணின் சொல்லுக்கு 1957இல் உறுதிப்பட்ட தகுதி, இல்லற வன்முறைச் சட்டத்தில் உயிருள்ள பெண்ணின் சொல்லுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னர் இவ்வாறு வெளிப்படையாக எழுதப்பட்டது. அதுவும் ஓராண்டுச் சிறைக்குரிய குற்றத்தில் மட்டும்.

பிற்காலத் தீர்ப்புகள் இருதிசையில் செல்கின்றன. கணவன் வீட்டினின்று துரத்தப்பட்ட பெண், தான் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே 498-அ வழக்குத் தொடுக்கலாம் என்றது ரூபாலி தேவி தீர்ப்பு (2019). மறுபுறம், முறையீடுகளைக் குடும்ப நலக் குழுக்கள் முதலில் ஆராய வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியை 2018இல் அதே மன்றம் நீக்கியது. 2025 சூலையில், இரண்டு மாதக் காத்திருப்போடு அத்தகைய குழுக்களை வகுத்திருந்த அலகாபாத் உயர் நீதிமன்ற நெறிமுறைகளை அதுவே ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையே 2024 சூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 498-அ அதன் 85, 86 பிரிவுகளாகவும், 304-ஆ 80ஆம் பிரிவாகவும் எண் மாறின, தண்டனை மாறவில்லை. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த கொடுமைகள் பழைய எண்ணிலேயே விசாரிக்கப்படுவதால், நடுவர் நீதிமன்றத்தின் ஒரே நாள் பட்டியலில் இப்போது 498-அ வழக்கும் 85ஆம் பிரிவு வழக்கும் அடுத்தடுத்து அழைக்கப்படலாம்.