நானூறு ஆண்டு கழித்துக் கிடைத்த விடை

1572ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் மாலை. டென்மார்க் நாட்டு வானநூலறிஞர் டைக்கோ பிராகி வானத்தை அண்ணாந்து நோக்கினார். காசியோப்பியா விண்மீன் கூட்டத்தில், அதுகாறும் இல்லாத மீனொன்று சுடர்விட்டது. வெள்ளிக் கோளுக்கு நிகரான அதன் ஒளி பகலிலும் புலப்பட்டது. விண்மீனுலகம் மாறாதது என்று அரிஸ்டாட்டில் காலந்தொட்டு நம்பியிருந்த ஐரோப்பா திகைத்தது. டைக்கோ அதன் இடத்தை அளந்து, அது சந்திரனுக்கு அப்பாலுள்ளதென நிறுவினார். நாளடைவில் அதன் ஒளி குன்றியதையும் நிறம் மாறியதையும் குறித்துவைத்தார். 1574இல் அது மறைந்தது. அது யாதென்று அறியும் கருவி அவரிடம் இல்லை.

முப்பட்டைக் கண்ணாடி ஒளியை நிறங்களாகப் பிரிப்பதை மாணவர்களாகிய நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். அந்நிறமாலையில் தோன்றும் கோடுகளைக்கொண்டு தனிமங்களை இனங்காணலாம் என்று 1859, 1860ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் கிர்க்காஃபும் பன்சனும் காட்டினர். 1941இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தைச் சார்ந்த ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி, சூப்பர்நோவா எனப்படும் வெடிக்கும் விண்மீன்களை நிறமாலையால் வகைப்படுத்தினார். ஹைட்ரஜன் கோடுகள் இல்லாதவை முதல் வகை. உள்ளவை இரண்டாம் வகை. 1945இல் வால்டர் பாடே, டைக்கோவின் குறிப்புகளை ஆராய்ந்து, அம்மீன் முதல் வகையினது என்றார். ஆயினும் நிறமாலைச் சான்று இல்லை.

“அவ்வொளியை இனிப் பார்க்க இயலாதா?” என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். “போன ஒளி போனதே” என்றேன் நான். அவ்விடை தவறென்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

மலையில் மோதிய குரல் எதிரொலியாகத் தாமதித்து வருவதுண்டு. அதுபோலவே, அம்மீனிலிருந்து வேறு திசையிற் சென்ற ஒளி, விண்வெளித் தூசிப்படலத்திற் பட்டுச் சிதறி, நீண்ட வழியாகப் பூமியை வந்தடைந்தது. 2008 செப்டம்பரில் ஆலிவர் கிராஸ் குழுவினர், ஹவாய்த் தீவிலுள்ள சுபாரு தொலைநோக்கியின் 8.2 மீட்டர் ஆடியால் அம்மங்கிய ஒளியைத் திரட்டி நிறமாலை எடுத்தனர். அதில் ஹைட்ரஜன் கோடுகள் இல்லை; சிலிக்கனின் கோடு தெளிவாக விளங்கியது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறுமீன் ஒன்று வெடித்துச் சிதறிய முதல் வகை நிகழ்ச்சியே அது என்பது உறுதியாயிற்று.

436 ஆண்டுகளுக்குப்பின் டைக்கோவின் ஏடும் நிறமாலையும் ஒரே சான்றைப் பகர்ந்தன. காரணம் விளங்காதபோதும் கண்டதைப் பிழையின்றி அளந்து எழுதிவைத்தார் அவர். மாணவர்களே, உங்கள் ஆய்வுக் குறிப்பேட்டையும் அத்தகைய நேர்மையுடன் எழுதுங்கள். அன்று வினவிய மாணவருக்கு நான் கூறத் தவறிய விடையும் இதுவே.