பாலாற்றைக் கடந்தவர்கள்

ஜவ்வாது மலையின் மலையாளிகள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் உழவர்கள். பூர்வீகம் காஞ்சிபுரம் என்பது அவர்கள் மரபு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் அக்கதை இருக்கிறது.

கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். ஏளனமாக மறுக்கவே, ஏழு கன்னியரைத் தூக்கிப் போனார்கள். மீட்கக் கிளம்பிய ஏழு ஆண்கள் ஏழு நாய்களை அழைத்துக்கொண்டு, ‘நாய்கள் மட்டும் திரும்பினால் எங்களுக்குக் கருமாதி செய்துவிடுங்கள்’ என்று மனைவியரிடம் சொல்லிப் புறப்பட்டார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் அக்கரை ஏறினார்கள். நாய்களோ நீந்தித் திரும்பி வீடு சேர்ந்தன. வேடர்களைக் கொன்று ஊர் திரும்பியபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. செத்தவர்களை ஊர் எப்படிச் சேர்த்துக்கொள்ளும்? வேடர் பெண்களை மணந்து மலையேறிவிட்டார்களாம். இதை வரலாறு என்று நிறுவ முடியாது. ஆனாலும் வேளாளப் பெருமையையும் சமவெளி தங்களைக் கைவிட்டதையும் ஒருசேரச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை.

இன்று அவர்கள் பட்டியல் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடிகளில் மலையாளிகளே மிகுதி. கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளிலும் வாழ்கிறார்கள். பட்டியல் மாவட்டவாரியாக அமைந்ததால் ஈரோட்டின் பர்கூர் மலையில் இருப்பவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் நெடுங்காலக் கோரிக்கையாகவே நின்றது.

அமெரிக்காவின் அப்பாச்சிகள் இங்கே ஒப்புநோக்கத் தக்கவர்கள். படையெடுப்பில் நிலத்தை இழந்து ஒதுக்கிடங்களில் அடைக்கப்பட்ட அவர்களுக்கு, அரிசோனாவின் சான் கார்லோசிலும் நியூ மெக்சிகோவின் மெஸ்கலெரோவிலும் இன்று சொந்த ஆட்சி மன்றமும் நீதிமன்றமும் உண்டு. நம் மலையாளிகளிடம் சான்றிதழ் இருக்கிறது, அத்தகைய அதிகாரம் இல்லை. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாகம் வகுக்கும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என ஓர் ஊர்கூடத் தமிழகத்தில் அறிவிக்கப்படவில்லை. காடு வனத்துறையின் கையில். 2006 வன உரிமைச் சட்டமும் நீதிமன்றத் தடையால் இங்கே முடங்கி, 2016இல்தான் பட்டா வழங்க வழி பிறந்தது.

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரைச் சுற்றிய மானாவாரிச் சரிவுகளில் சாமை விளைகிறது. புளியும் தேனும் கிடைக்கின்றன. ஆண்டு முழுவதற்கும் அவை போதாமல் பலர் வெளியூர் வேலைக்கு இறங்குகிறார்கள். செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர்கள் இப்படி இறங்குபவர்களைத்தான் தேடுகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக்கொன்ற 20 பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தார். வெட்டக் கூலி கொடுத்தவர் எவரும் அன்று அங்கே விழவில்லை.

2024இல் ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பெண் ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். குழந்தை பெற்ற சில நாட்களிலேயே தேர்வு எழுதியதைத்தான் பத்திரிகைகள் கொண்டாடின. அவர் பள்ளியில் படித்தது ஜவ்வாது மலையில் அன்று, ஏலகிரியில்.