கயிறும் அடையலும்: உருசிய மொழியிற் கடற்கலைச் சொற்கள்

கப்பற்றொழிலைப் பிறரிடம் கற்ற நாடு அத்தொழிலின் சொற்களையும் அவரிடமே கடனாகப் பெறுதல் இயல்பு. உருசிய நாட்டின் கடற்படை வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். முதலாம் பீற்றர் மன்னன் 1697 ஆம் ஆண்டிலே மேனாடுகளுக்குப் புறப்பட்டு, ஒல்லாந்து தேசத்துக் கப்பல் கட்டுந் தளங்களிலே தச்சரோடு தச்சனாய் நின்று தொழில் பயின்றான். மறு ஆண்டு இங்கிலாந்திலுள்ள டெற்போட்டுக்குச் சென்றான். 1701 இல் மொஸ்கோவில் அவன் நிறுவிய கணித, கடற்பயணப் பாடசாலையிலே அபடீனிலிருந்து வந்த ஹென்றி பார்க்கர்சன் முதலானோர் ஆசிரியராயமர்ந்தனர். இவ்வாறு பாடத்தைப் பிரித்தானியர் புகட்டிய போதிலும், பாய்மரத்தடியில் மாலுமியின் நாவிலே நிலைத்தவை பெரும்பாலும் ஒல்லாந்தச் சொற்களே. பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டுங் கயிறு 'ஷ்கோத்', பாயை மேலேற்றுங் கயிறு 'ஃபால்', மெல்லிய கயிறு 'லீன்', பருத்தது 'துரோஸ்'. இவை யாவும் ஒல்லாந்தரிடம் பெற்றவை. 'வெர்யோவ்க்கா' என்னும் பழைய உருசியச் சொல் கரையிலுள்ளோருக்கே உரியதாயிற்று.

இதில் விந்தையொன்றுண்டு. 18 ஆம் நூற்றாண்டிலே பிரித்தானியக் கடற்படையின் கயிறுகளுக்கு வேண்டிய கஞ்சாச்செடி நாரின் பெரும்பகுதி உருசியத் துறைமுகங்களிலிருந்தே சென்றது. உலகுக்கு நார் ஈந்தவர் உருசியர். தம் கப்பலிற் கட்டிய கயிற்றுக்கோ அவர் இட்ட பெயர் பிறருடையது.

ஆங்கிலக் கடற்சொற்களை உருசிய மொழியில் ஒழுங்குபடத் தந்த பெருமை அலெக்சாந்தர் சிஷ்கோவுக்கு (1754–1841) உரியது. கடற்படை அதிகாரியாகிய இவர், ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம் என்னும் மும்மொழிகளில் அமைந்த கடலகராதியொன்றை 1795 இல் வெளியிட்டார். பின்னாளில், 1803 இல், உருசிய மொழியின் பழைய நடையையும் புதிய நடையையும் பற்றி நூலெழுதி, பிறமொழிச் சொற்களைக் களைதல் வேண்டுமென வாதாடியவரும் இவரே. 1813 முதல் உருசியக் கழகத்தின் தலைவராகவும், 1824 முதல் 1828 வரை கல்வியமைச்சராகவும் விளங்கினார். மழைக்காலணிக்கு 'ஈரமிதி' என்ற பொருள்படப் பெயரிட முனைந்தாரென்று அவரை எள்ளியோர் கட்டிய கதை இன்றும் வழங்குகின்றது. அத்துணைத் தூய்மைவாதியும் ஷ்கோத்தையும் ஃபாலையும் கப்பலைவிட்டு இறக்க இயலவில்லை. புயலின் நடுவே தலைவன் கூவும் ஒரு சொல்லுக்கு நூறு கைகள் ஒருங்கே இயங்கவேண்டுமாயின், அச்சொல் அக்கைகள் பழகிய சொல்லாகவே இருத்தல் வேண்டும்.

கடலறியாத மொழிபெயர்ப்பாளன் இடறி விழுவதும் இங்கேதான். ஆங்கிலத்தில் 'ஷீட்' என்பது கரையிலே தாளையும் படுக்கைவிரிப்பையுங் குறிக்கும்; கப்பலிலோ அது ஷ்கோத் என்னுங் கயிறு. 'பெயின்ரர்' கரையிலே வர்ணம் பூசுபவன். கடலிலே தோணியின் முன்முனைக் கயிறு. உருசியர் அதனைப் 'பலீன்' என்பர். 'சிறவுட்' கரையிலே பிணத்தைப் போர்க்குந் துணி. கடலிலே பாய்மரத்தை இருமருங்குந் தாங்கும் வடம்.

இவற்றினும் இடர்ப்பாடுடையது 'கேபிள்' என்னும் ஆங்கிலச் சொல். நங்கூரத்தைத் தாங்கும் வடமும் கேபிள். கடல்மைலின் பத்திலொரு பங்காகிய தூரமும் கேபிள். முறுக்கும் முறையொன்றுக்கும் அதுவே பெயர். உருசியர் முதலாவதைக் 'கனாத்' என்றும், இரண்டாவதைக் 'கபேல்த்தொவ்' என்றும் பிரித்து வழங்குவர். மூன்றாவதை அறியக் கயிறு உருவாகும் விதத்தை அறிதல் வேண்டும். நாரை முறுக்க நூலாகும். நூல்களை எதிர்ப்புறம் முறுக்கப் புரியாகும். உருசியத்தில் புரிக்குப் 'பிரியாத்' என்று பெயர். நூற்றல் என்னும் வினையடியிற் பிறந்த சொந்தச் சொல் இது. மூன்று புரிகளை முறுக்கியது துரோஸ் வேலை. அவ்வாறமைந்த மூன்று கயிறுகளை மீண்டும் எதிர்ப்புறமாக முறுக்கியது 'காபெல்' வேலை. ஆகவே ஆங்கில நூலிலே கேபிளைக் கண்டவன், அகராதியைப் புரட்டுமுன் கயிற்றின் முறுக்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழர்க்கு உறவான சொல்லொன்றும் இவ்வழியிற் குறுக்கிடுகின்றது. தென்னந்தும்பைக் குறிக்கும் 'கொயர்' என்னும் ஆங்கிலச் சொல் மலையாளக் 'கயறு' என்பதினின்று வந்தது. அது நம் 'கயிறு' என்பதன் உடன்பிறப்பு. நீரில் மிதக்கும் இத்தும்புக் கயிற்றை உருசிய மாலுமி 'தேங்காய்த் துரோஸ்' என மூலப்பொருள் சுட்டியே அழைத்தான்.

கயிற்றையும் கடலடி மண்ணையும் இணைப்பது ஆழமளக்கும் ஈயக்குண்டு. குண்டின் அடிக்குழியிலே கொழுப்பைத் திணித்து இறக்குவர். நூல் ஆழத்தைக் காட்டும். கொழுப்பில் ஒட்டி வருவது அடித்தளம் மணலோ சேறோ என்பதைக் காட்டும். நங்கூரம் பற்றுமா, உழுதுகொண்டு வழுவுமா என்பது அச்சிறு மண்ணைப் பொறுத்தது. இம்மண் வகைகளுக்கு உருசியர் கடன்பட வேண்டியதில்லை; 'பெசோக்' மணல், 'கிளினா' களி, 'இல்' சேறு.

ஆயினும் சொந்தச் சொற்களே இங்குப் பெருந்தொல்லை தந்தன. சலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை ஆழ்கடல்களை ஆராய்ந்தது. அதன் அடையல்களைப் பற்றி மறேயும் ரெனார்ட்டும் 1891 இல் வெளியிட்ட நூல், நுண்ணுயிரோடுகள் படிந்த ஆழ்கடற் சேற்றை 'ஊஸ்' என்றும், கரைசார்ந்த சேற்றை 'மட்' என்றும் வேறுபடுத்திற்று. உருசியத்தில் இரண்டும் 'இல்' ஆயின. 'சில்ற்' எனப்படும் நுண்வண்டலுக்கோ, மாவைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லடியாக 'அலெவ்ரித்' என்னும் பெயர் 20 ஆம் நூற்றாண்டில் வழக்குப் பெற்றது. எனினும் அளவுகள் ஒத்துவரவில்லை. 1922 இல் வென்ற்வேத் வகுத்த எல்லைப்படி சில்ற் 0.0625 மில்லிமீற்றரிற் றொடங்கி 0.0039 இல் முடியும். அலெவ்ரித்தோ 0.1 இற் றொடங்கி 0.01 இல் முடியும். எனவே 0.08 மில்லிமீற்றர் பருமனுள்ள மணியொன்று ஆங்கிலேயனுக்கு மணல், உருசியனுக்கு அலெவ்ரித்.

உருசியக் கடற்புவிச்சரிதவியலின் தாயெனத் தகும் மரீயா கிளியோனொவா (1898–1976), 1948 இல் வெளியிட்ட 'கடலின் புவிச்சரிதவியல்' என்னும் நூலில் வேறொரு முறையைக் கையாண்டார். 0.01 மில்லிமீற்றருக்குட்பட்ட துகள் நூற்றுக்கு எத்தனை என்பதே அவர் கொண்ட அளவுகோல். ஐந்துக்குக் குறைந்தால் மணல். ஐந்து முதல் பத்துவரை சேற்றுமணல். பத்து முதல் முப்பதுவரை மணற்சேறு. அதன்மேல் ஐம்பதுவரை சேறு. ஐம்பதுக்கு மேற்பட்டது களிச்சேறு. இத்துகள் இருபது பங்கும் எஞ்சிய எண்பது பங்கு மணலுமாகிய மண்ணை இவ்வகுப்பு மணற்சேறு என்னும். அமெரிக்கரான உறொபேட் போக் 1954 இல் வகுத்த முறையோ அதே மண்ணைச் சேற்றுமணல் என்னும். ஒரே கைப்பிடி மண் ஒரு மொழியிலே மணலின் வகையாகவும், மற்றதிலே சேற்றின் வகையாகவும் பெயர் பெறுகின்றது.