ஓர் எதிர்மனுவின் பயணம்

சித்தூர்ப் பக்கத்துக் கிரானைட் பட்டறை ஒன்றில் கை போன தொழிலாளி இழப்பீடு கேட்டு மனுப் போடுகிறார் என்று வையுங்கள். மனு தொழிலாளர் துறை அதிகாரி ஆணையராக அமரும் அறைக்குப் போகும். அதைத் தொடர்ந்து முதலாளியின் எதிர்மனு கிளம்பும். அந்த இரண்டாவது காகிதம் போகும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

பெரும்பாலும் அது அவசரத்தில் பிறக்கும். நாலைந்து வாய்தா கடந்தபின், பழைய கட்டு ஒன்றிலிருந்து பெயரை மட்டும் மாற்றி அடிப்பார்கள். முதல் பத்தியில் விபத்தே நடக்கவில்லை. இரண்டாவதில், நடந்திருந்தாலும் அவர் எங்கள் ஆள் இல்லை. மூன்றாவதில், எங்கள் ஆள்தான், ஆனால் குடித்திருந்தார். மூன்றையும் சேர்த்துப் படிக்கிற ஆணையர் எதை நம்புவார்? குடிபோதை என்ற வாதம் மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடாது என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொன்னது.

ஒரு கைதானே போனது, பகுதி ஊனம்தானே என்பார்கள். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே இழப்பீடு கேட்ட தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டிருந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது, சம்பாதிக்கும் திறன் முழுதும் போயிற்று என்று 1975 டிசம்பரில் நீதிமன்றம் முடித்தது. 9,800 ரூபாய் இழப்பீட்டோடு அதில் பாதி அபராதமும் வட்டியும் முதலாளி தலையில் விழுந்தன.

நல்ல எதிர்மனு சுருக்கமாக இருக்கும். அதோடு வருகைப் பதிவேட்டின் நகலும் சம்பளச் சீட்டும் இருக்கும். தொழிலாளி இ.எஸ்.ஐ.யில் காப்பீடு பெற்றவர் என்றால், 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவைக் காட்டும் ஒரே மனுவில் வழக்கு முடியும். அவருக்கு உரிய பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். ஆள் கான்ட்ராக்டருடையவர் என்றால் கான்ட்ராக்டரையும், பாலிசி இருந்தால் காப்பீட்டு நிறுவனத்தையும் தரப்பாகச் சேர்க்கும் மனுவை முதல் வாய்தாவிலேயே போட வேண்டும். எக்ஸ்பார்ட்டி உத்தரவு வந்துவிட்டால் அதை நீக்கக் கேட்கும் மனுவுக்கும் வழி உண்டு. ஆனால் வராமல் போனதற்கு உண்மையான காரணம் வேண்டும்.

எல்லாவற்றிலும் வலுவானது, ஒப்புக்கொள்ளும் தொகையை ஒரு மாதத்துக்குள் டெபாசிட் செய்வது. தவறினால் 12 சதவீத வட்டி. காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம். வட்டியைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும், அபராதத்தை முதலாளிதான் கட்ட வேண்டும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் வேத் பிரகாஷ் கார்க் வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

தோற்ற பின்னும் காகிதத்தின் பயணம் நிற்பதில்லை. சித்தூர்ப் பக்கத்திலிருந்து மேல்முறையீடு 1954 வரை சென்னைக்குப் போயிற்று. பிறகு குண்டூர், 1956 முதல் ஹைதராபாத், 2019 முதல் அமராவதி. நீதிமன்றம் இடம் மாறியதே தவிர நிபந்தனை மாறவில்லை. முதலாளி தீர்ப்புத் தொகையைக் கட்டி, ஆணையரின் சான்றை இணைத்தால்தான் மேல்முறையீடு எண்ணாகும். அதிலும் கணிசமான சட்டக் கேள்வி ஒன்று இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது பழைய சட்டப்படி. 2025 நவம்பர் 21 முதல் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது. பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விபத்து நடந்த அன்றே பதிவேட்டை எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். கொடுக்க வேண்டியதைக் கட்டிவிட்டு, மீதிக்கு மட்டும் வாதாடுங்கள்.