பட்டாளத்துக்கு மறுத்த மாக்ஸிமிலியான்

கிறிஸ்தவன் பட்டாளத்தில் சேரலாமா? ஹாஸ்டலில் விடிய விடியப் பேசியும் நமக்குத் தீராத கேள்வி இது.

கி.பி. 295, மார்ச் 12. இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தெபெஸ்ஸாவில் ரோமானியப் படைக்கு ஆளெடுத்தார்கள். 21 வயது மாக்ஸிமிலியானை அளந்து, உயரம் 5 அடி 10 அங்குலம் என்று குறித்தார்கள். எஞ்சினியரான எனக்கு அந்த அளவு மறக்கவே மாட்டேங்குது! தான் கிறிஸ்தவன், சேர முடியாது என்றான் அவன். பேரரசர்களின் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று ஆளுநர் டியோன் மடக்கினார். தங்களுக்கு எது தகும் என்று அவர்களுக்குத் தெரியும், தன்னால் தீங்கு செய்ய முடியாது என்றான். அவர்கள் என்ன தீங்கு செய்கிறார்கள் என்று கேட்டதற்கு, அது உங்களுக்கே தெரியும் என்றான். வாளால் வெட்டிக் கொன்றார்கள்.

பத்தொன்பதே வருஷத்தில் காற்று மாறியது. கான்ஸ்டன்டைன் ஆட்சியில், 314-ல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள், சமாதான காலத்தில் ஆயுதத்தை எறிபவர்களை நற்கருணையிலிருந்து விலக்கத் தீர்மானித்தார்கள். வேதம் மாறவில்லை, அரசன்தான் மாறினான்.

பட்டாளத்துக்குப் போன நம்ம நண்பர்களை நான் குறை சொல்லல. ஆனா தம்பிகளே, படையோ ஆயுதத் தொழிற்சாலையோ, ஆர்டர் கைக்கு வரும்போது ஒரு நிமிஷம் யோசிங்க. உயரத்தை மத்தவங்க அளக்கலாம். மனசாட்சியை நாமதான் அளக்கணும்.